இரண்டு காகிதங்கள்: பெரிய டிரான்ஸ்பார்மருக்கு வயதாவது எப்படி?

"பராமரிப்புப் பணி காரணமாக நாளை காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மின்சாரம் நிறுத்தப்படும்" என்று செய்தித்தாளின் மூலையில் ஒரு அறிவிப்பு வரும். தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, மணலி, எண்ணூர் என்று ஊர்ப்பெயர்கள் வரிசையாக நிற்கும். நம் தெரு அதில் இருக்கிறதா என்று தேடுவோம். இருந்தால் 9 மணிக்குள் மாவை அரைத்து, மோட்டார் போட்டு, போனுக்குச் சார்ஜ் ஏற்றிவிட்டு, ஈ.பி.காரர்களை ஒரு தடவை திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம்.

அந்த 5 மணி நேரத்தில் கம்பியை உரசும் கிளையை வெட்டுவார்கள், தளர்ந்த இணைப்பை இறுக்குவார்கள், டிரான்ஸ்பார்மருக்குள் கம்பி நுழையும் இடத்தில் நிற்கும் பீங்கான் புஷிங்குகளைத் துடைப்பார்கள். இதெல்லாம் ஓரளவு எல்லோருக்கும் தெரியும். வெளியே அதிகம் தெரியாத இன்னொரு வேலையும் இந்த மாதிரி நாட்களில்தான் நடக்க முடியும். துணைமின் நிலையத்தின் நடுவே நிற்கும் பெரிய டிரான்ஸ்பார்மர் எந்த நிலையில் இருக்கிறது, இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்று பார்ப்பதுதான் அது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் திறந்து பார்க்க முடியாத ஒன்றுக்கு வயது சொல்ல வேண்டும். ஜோசியத்துக்கும் வைத்தியத்துக்கும் நடுவில் இருக்கும் வேலை இது.

நான் சொல்வது தெருமுனையில் வேலிக்குள் நிற்கிற சின்ன டிரான்ஸ்பார்மரை அல்ல. அது 11 கிலோவோல்ட்டை நம் வீட்டு அளவுக்கு இறக்கித் தருவது. எரிந்து போனால் சில மணி நேரத்தில், அதிகம் போனால் ஒரு நாளில், வேறொன்றை லாரியில் கொண்டுவந்து வைத்துவிடலாம். 400 கிலோவோல்ட்டை 230 ஆகவும், 230ஐ 110 ஆகவும், 110ஐ 33 அல்லது 11 ஆகவும் இறக்கும் பெரிய மின்மாற்றிகளின் கதை வேறு. ஒரு வீட்டின் உயரம், நூறு டன்னைத் தாண்டும் எடை, உள்ளே பல்லாயிரம் லிட்டர் எண்ணெய். ஒன்று போனால் புதிதாக ஆர்டர் கொடுத்து வந்து சேர ஓராண்டுக்கு மேலேயே ஆகிவிடுகிறது. 2024 செப்டம்பர் 12ஆம் தேதி இரவு மணலி துணைமின் நிலையத்தில் ஏற்பட்ட கோளாறில் சென்னையின் பல பகுதிகள் இருளில் கிடந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். வயதுதான் அதற்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு துணைமின் நிலையத்தை எத்தனை லட்சம் பேர் நம்பியிருக்கிறார்கள் என்பது அன்றைக்குப் புரிந்தது, அவ்வளவுதான்.

வடசென்னைக்கும் மின்சாரத்துக்கும் உறவு பழையது. நகரத்துக்கு முதலில் மின்சாரம் வந்ததே பேசின் பிரிட்ஜ் பக்கமிருந்துதான். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் ஓடத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் மூன்று 210 மெகாவாட் அலகுகள் 1994க்கும் 1996க்கும் இடையே வந்தன. அதற்குப் பிறகு 600 மெகாவாட் அலகுகள் இரண்டு, பக்கத்தில் வல்லூர், இப்போது 800 மெகாவாட். இவை எல்லாவற்றையும் நகரத்தோடு சேர்க்கும் துணைமின் நிலையங்களும் அந்தந்தக் காலத்தில் எழுந்தவை. ஆக, 30 வருடம் என்பது இந்தப் பக்கத்து மின்சாதனத்துக்கு அதிசயமான வயதே இல்லை.

மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019ஆம் ஆண்டுக் கட்டண விதிகள் துணைமின் நிலையத்தின் பயன்பாட்டுக் காலத்தை 25 ஆண்டு என்று வைத்திருந்தன. இது கணக்குப்பிள்ளையின் வயது, தேய்மானம் போடுவதற்கான எண். 25 முடிந்த மறுநாள் டிரான்ஸ்பார்மர் படுத்துவிடாது. 40 தாண்டியும் ஓடுபவை உண்டு, 12இல் வெடித்தவையும் உண்டு. அப்படியானால் உண்மையான வயது எங்கே இருக்கிறது?

உள்ளே சுற்றியிருக்கும் காகிதத்தில்.

டிரான்ஸ்பார்மருக்குள் இருப்பவை நான்கே பொருள்கள்: இரும்பு, செம்பு, எண்ணெய், காகிதம். இரும்பும் செம்பும் லேசில் கெடாது. எண்ணெய் கெட்டால் வடிகட்டலாம், மாற்றலாம். செம்புக் கம்பியின் மேல் சுற்றுக்குச் சுற்று வரிந்திருக்கும் காகிதத்தை மட்டும் மாற்ற முடியாது. அதை மாற்றுவதென்றால் அந்தக் கம்பிச் சுருளான காயிலையே பிரித்துப் புதிதாகச் சுற்ற வேண்டும். புது டிரான்ஸ்பார்மர் வாங்குவதில் பாதி தூரம் அது.

காகிதம் என்றால் மரக்கூழிலிருந்து வரும் செல்லுலோஸ்தான், நம் பழுப்புநிறக் கவர் காகிதத்தின் நெருங்கிய சொந்தம். செல்லுலோஸ் என்பது ஒரே மாதிரி மணிகளைக் கோத்த நீளச் சரம். புதுக் காகிதத்தில் ஒரு சரத்துக்குச் சராசரியாக 1000 மணி, அல்லது அதற்குச் சற்று மேல். சூடும் ஈரமும் அமிலமும் சேர்ந்து சரத்தை அங்கங்கே அறுத்துக்கொண்டே வரும். 1000 என்பது 700 ஆகும், 400 ஆகும். 200ஐத் தொட்டுவிட்டால் அந்தக் காகிதம் முடிந்தது என்று கொள்கிறார்கள். பரணில் கிடக்கும் பழைய செய்தித்தாளை மடித்தால் மடிப்பிலேயே பொடிந்து வருமே, அந்த நிலை.

இங்கே ஒரு வினோதம். பொடிந்துபோகும் நிலையிலும் அந்தக் காகிதம் மின்சாரத்தைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கும். யாரும் அசைக்காதவரை அது நிற்கும். எனவே கிழட்டு டிரான்ஸ்பார்மர் வெளியிலிருந்து பார்க்கையில் நன்றாகவே ஓடும். ஓசை மாறாது, சூடு கூடாது. "ஓடிட்டுத்தானே இருக்கு" என்று எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். அப்புறம் ஒரு ஐப்பசி மழையில் எங்கோ தரைக்கு அடியில் ஒரு கேபிள் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கும், அல்லது சாலை தோண்டும் ஜே.சி.பி. கேபிளைக் கடித்துவிடும். பழுது நடந்தது அங்கே. ஆனால் அந்த ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம் முழுவதும் டிரான்ஸ்பார்மர் காயில் வழியாகத்தான் பாய வேண்டும். மின்னோட்டம் 10 மடங்கானால் காயில்கள் ஒன்றையொன்று தள்ளும் விசை 100 மடங்காகும். பிரேக்கர் விழுவதற்குள் ஒரு குலுக்கல். இளம் காகிதம் அதைத் தாங்கிக்கொள்ளும், பொடிந்த காகிதம் உதிரும். மறுநாள் செய்தியில் "டிரான்ஸ்பார்மர் வெடித்தது" என்று இருக்கும். வயது தானாக ஒரு டிரான்ஸ்பார்மரைக் கொல்வது அபூர்வம். அதிர்ச்சியைத் தாங்கும் சக்தியை எடுத்துவிட்டு, அதிர்ச்சி வரும்வரை காத்திருக்கும்.

சரி, காகிதத்தை இவ்வளவு வேகமாகக் கெடுப்பது எது? முதல் எதிரி சூடு. காயிலில் மிகச் சூடான இடம் 98 டிகிரி செல்சியஸில் இருந்தால், சாதாரணக் காகிதம் அதற்குரிய இயல்பான வேகத்தில் மூப்படையும் என்று சர்வதேச வழிகாட்டி விதிகள் கணக்கிடுகின்றன. அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் வேகம் இரட்டிக்கும். 104இல் இரண்டு மடங்கு, 110இல் நான்கு, 116இல் எட்டு. அதாவது 116 டிகிரியில் ஓடும் ஒரு மணி நேரம், வாழ்நாளிலிருந்து எட்டு மணி நேரத்தை எடுத்துக்கொள்கிறது. மறுபக்கமும் உண்டு. மார்கழிக் குளிரில் லோடு குறைவாக 80 டிகிரியில் ஓடினால் எட்டு மணி நேரத்துக்கு ஒரு மணி நேரம்தான் செலவு. ஆகவே 30 வருடம் ஓடிய இரண்டு டிரான்ஸ்பார்மர்களில் ஒன்று உள்ளே 15 வயதுப் பையனாகவும் இன்னொன்று 60 வயதுப் பெரியவராகவும் இருக்கலாம். பெயர்ப்பலகையில் இரண்டுக்கும் ஒரே ஆண்டுதான் இருக்கும்.

உலக அளவுகோல்கள் சுற்றுப்புறத்தின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை 20 டிகிரி என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. சென்னையின் சராசரி 28ஐத் தாண்டும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. இதனால்தான் இந்தியாவில் வாங்கும்போதே வெப்ப உயர்வுக்கான வரம்பைக் குறைத்துக் கேட்கிறார்கள். அந்த ஏற்பாடு சரியானதுதான். ஆனால் அப்போது யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று பிற்பாடு வந்தது: இரவு ஏ.சி. முன்பெல்லாம் மாலை ஆறிலிருந்து பத்துவரை லோடு ஏறும், நள்ளிரவுக்குமேல் இறங்கும், டிரான்ஸ்பார்மர் விடிவதற்குள் மூச்சு வாங்கிக்கொள்ளும். இப்போது கோடை இரவு ஒரு மணிக்கும் கொருக்குப்பேட்டையில் ஏ.சி. ஓடுகிறது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. உச்சம் எவ்வளவு என்று மட்டும்தான் பேசுகிறோம். என் கணக்கில், டிரான்ஸ்பார்மரின் வயதைத் தீர்மானிப்பது உச்சத்தின் உயரத்தைவிட அது எத்தனை மணி நேரம் நீடிக்கிறது என்பதுதான்.

இரண்டாவது எதிரி தண்ணீர். இதில் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். 10 டன் காகிதமும் அட்டையும், 50,000 லிட்டர் எண்ணெயும் உள்ள ஒரு டிரான்ஸ்பார்மரை எடுத்துக்கொள்வோம். எண்ணெயில் ஈரம் பத்து லட்சத்தில் 20 பங்கு என்று சோதனைக்கூடம் சொல்கிறது. மொத்த எண்ணெயிலும் இருக்கும் தண்ணீர் ஒரு லிட்டர்கூட இல்லை. காகிதத்தில் ஈரம் 3 சதவீதம் என்றால்? 300 கிலோ. 20 லிட்டர் தண்ணீர் கேன் என்றால் 15. தண்ணீர் முழுக்கக் காகிதத்தில் ஒளிந்திருக்கிறது, நாம் சோதிப்பதோ எண்ணெயை. புதிதாக வந்தபோது அந்தக் காகிதத்தில் அரை சதவீத ஈரம்தான் இருந்திருக்கும். ஈரம் இரட்டிப்பானால் மூப்பின் வேகமும் ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

போதாததற்குத் தண்ணீர் ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. சூடேறினால் காகிதத்திலிருந்து எண்ணெய்க்கு வரும், ஆறினால் திரும்பப் போகும். காலை 7 மணிக்கு எடுத்த சாம்பிளும் பிற்பகல் 3 மணிக்கு எடுத்த சாம்பிளும் ஒரே டிரான்ஸ்பார்மரைப் பற்றி இரண்டு கதை சொல்லும். எண்ணெயின் வெப்பத்தைக் குறிக்காமல் அனுப்பிய ஈர அளவுக்கு அதிக மதிப்பில்லை.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு எண்ணூர்க் கடற்கரையில் விளக்கம் தேவையில்லை. ஜன்னல் கம்பி இரண்டு மழைக்குள் துருப்பிடிக்கும் ஊர். எண்ணெய் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும்போது டிரான்ஸ்பார்மர் மூச்சு விடுகிறது. உள்ளே போகும் காற்றை உலர்த்தத்தான் பிரீதர் என்ற சின்னக் குப்பியும், அதற்குள் சிலிக்கா ஜெல்லும். நீல நிறம் என்றால் காய்ந்திருக்கிறது, ரோஸ் நிறம் என்றால் ஈரம் குடித்துவிட்டது. புதியவற்றில் ஆரஞ்சு நிறம் வெளுத்து மாறும். கோடிக்கணக்கான ரூபாய் இயந்திரத்தின் ஆயுளை ஒரு குப்பி ஜெல் காக்கிறது. அதை நேரத்துக்கு மாற்றாமல் விட்டுவிட்டு லட்சம் ரூபாய்ச் சோதனைகள் செய்வதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ரேடியேட்டரில் உப்புத் துரு ஓட்டை போடுவதும், ரப்பர் கேஸ்கெட் காய்ந்து விறைத்துப் போவதும் இன்னொரு வழி. எண்ணெய் கசியும் இடத்தில் தரை அழுக்காவதுதான் நம் கண்ணுக்குத் தெரியும். அதே இடுக்கு வழியாக ஈரம் உள்ளே போவதும் உண்டு.

இனி சோதனைகள். காகிதத்தைத் தொட முடியாது என்பதால் எண்ணெயிடம் விசாரிக்கிறோம். மனித உடம்புக்கு ரத்தப் பரிசோதனை மாதிரி. அதில் பெரியது, எண்ணெயில் கரைந்த வாயுக்களை அளப்பது. துறையில் டி.ஜி.ஏ. என்பார்கள். டிரான்ஸ்பார்மரை நிறுத்தாமலே சாம்பிள் எடுக்கலாம் என்பது இதன் பெரிய வசதி.

உள்ளே கோளாறு எந்த வகையோ அதற்கேற்ற வாயு பிறக்கும். சின்னச் சின்ன மின்பொறிக் கசிவு என்றால் ஹைட்ரஜன் மிகுதி. உலோகம் எங்கோ மிதமாகச் சுட்டால் மீத்தேன், ஈத்தேன்; கடுமையாகச் சுட்டால் எத்திலீன். ஆர்க், அதாவது பலமான மின்பொறி, அடித்தால் அசிட்டிலீன். அசிட்டிலீன் கணிசமாக உருவாக எழுநூறு, எண்ணூறு டிகிரியாவது வேண்டும் என்பதால் அதைக் கண்டால் பொறியாளர்களுக்கு வயிற்றைக் கலக்கும். காகிதமே வெந்தால் கார்பன் மோனாக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் ஏறும். கனடாவின் மிஷெல் டுவால் 1970களில் ஒரு முக்கோணம் வரைந்தார். மீத்தேன், எத்திலீன், அசிட்டிலீன் மூன்றின் விகிதத்தைப் புள்ளியாக அதில் வைத்தால், எந்தக் கோளாறின் பகுதியில் விழுகிறது என்று தெரியும். இன்றும் உலகம் முழுக்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதில் ஒரு பொறி உண்டு. முக்கோணத்தில் "நலம்" என்ற பகுதியே கிடையாது. ஆரோக்கியமான டிரான்ஸ்பார்மரின் வாயுக்களை வைத்தாலும் புள்ளி ஏதாவது ஒரு நோயின் மேல்தான் விழும். முதலில் வாயு உண்மையிலேயே ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முக்கோணத்தின் பக்கம் போக வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு கற்பனை உதாரணம். ஒரு டிரான்ஸ்பார்மரில் அசிட்டிலீன் பத்து லட்சத்தில் 40 பங்கு என்று வருகிறது. இன்னொன்றில் 6. எதற்குப் பயப்பட வேண்டும்? முதலாவதின் பழைய பதிவைப் புரட்டினால் எட்டு வருடமாக 38, 41, 39 என்று அங்கேயே நிற்கிறது. பெரும்பாலும், மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டேப் சேஞ்சர் என்ற சுவிட்சின் அறையிலிருந்து எண்ணெய் மெயின் டேங்குக்குக் கசிகிறது என்று அர்த்தம். டேப் மாறும்போது அந்த அறையில் ஆர்க் வருவது இயல்பு. இரண்டாவது டிரான்ஸ்பார்மரில் போன வருடம்வரை பூஜ்யம், மார்ச்சில் 2, மே மாதம் 6. தூக்கத்தைக் கெடுக்க வேண்டியது இதுதான். எண் பெரிதா சிறிதா என்பது அப்புறம். எங்கிருந்து எங்கே, எத்தனை நாளில் என்பதே கேள்வி. அதற்குப் பதில் கருவியில் இல்லை, ரெஜிஸ்டரில் இருக்கிறது. டிரான்ஸ்பார்மரின் வயது காகிதத்தில் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, இது அதன் இரண்டாவது காகிதம்.

சாம்பிள் எடுப்பதிலேயே பாதி உண்மை போய்விடுவதும் உண்டு. கண்ணாடி ஊசிக்குழலில், குமிழி நுழையாமல், வால்வில் தேங்கிய பழைய எண்ணெயை முதலில் வெளியேற்றிவிட்டு, மழையில்லாத நேரத்தில், வெயில் படாமல் எடுக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலைக் கழுவி அதில் பிடித்துக்கொண்டு போனால் ஹைட்ரஜன் வழியிலேயே பறந்துவிடும், பாட்டிலின் ஈரம் எண்ணெயில் ஏறிவிடும். சோதனைக்கூடத்துக் கருவி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அந்த பாட்டிலைத்தான் அது சோதிக்கும்.

காகிதத்தின் சரம் எவ்வளவு அறுந்திருக்கிறது என்பதைச் சற்று நேராகச் சொல்வது ஃபியூரான் சோதனை. செல்லுலோஸ் சிதையும்போது மட்டுமே பிறக்கும் சேர்மங்கள் இவை. எண்ணெயில் கரைந்து கிடக்கும். அளவு ஏறினால் சரம் குறைகிறது. தோராயமாகப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தால் நானூறு மணிச் சொச்சம் மிச்சம், ஐந்து பங்கு என்றால் 200ஐ நெருங்கிவிட்டது என்று ஒரு சூத்திரம் சொல்கிறது. வெப்பம் தாங்குவதற்காகப் பதப்படுத்திய காகிதத்துக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது, அது குறைவாகவே ஃபியூரான் விடும். எந்தக் காகிதம் போட்டார்கள் என்பது 30 வருடத்துக்கு முந்தைய வாங்கல் ஆவணத்தில் இருந்தால் உண்டு.

எண்ணெயை வடிகட்டுவது நல்ல வேலைதான். வண்டியில் ஒரு ஃபில்டர் இயந்திரத்தைக் கொண்டுவந்து, சூடாக்கி, வெற்றிடத்தில் ஈரத்தை இழுத்து, தூசியை எடுத்து, திரும்ப அனுப்புவார்கள். முடித்தபின் 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் எண்ணெயின் மின்தாங்குதிறனைச் சோதித்தால் 60, 70 கிலோவோல்ட் என்று அருமையாக வரும். எல்லோருக்கும் திருப்தி. ஆனால் முன்னே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். எடுத்தது எண்ணெயிலிருந்த ஒரு லிட்டரும், மேல்வாரியாக இன்னும் கொஞ்சமும். காகிதத்தில் இருக்கும் 300 கிலோ, சில மாதங்களில் எண்ணெயைப் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடும். அதைவிட மோசம், வடிகட்டும்போது கரைந்த வாயுக்கள் மொத்தமாக வெளியேறிவிடுகின்றன. எண்ணெயையே மாற்றினாலோ, களிமண் வழியே செலுத்திச் சுத்திகரித்தாலோ ஃபியூரானும் போய்விடும். நோய் அப்படியே இருக்கிறது, நோயின் சாட்சிதான் அழிந்தது. வடிகட்டிய தேதியை எழுதி வைக்காவிட்டால், அடுத்த அறிக்கையைப் பார்ப்பவர் "எல்லாம் சுத்தமாக இருக்கிறது" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்.

நிறுத்தினால்தான் செய்யக்கூடிய சோதனைகள் வேறு. எல்.சி. (மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்வதற்கான அனுமதி) வாங்கி, இருபுறமும் இணைப்பைப் பிரித்து, மெகர் என்ற கருவியை வைத்து இன்சுலேஷன், காயிலின் மின்தடை, சுற்று விகிதம் எல்லாம் பார்ப்பார்கள். இவற்றில் புஷிங்கின் டான் டெல்டாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் டிரான்ஸ்பார்மர் தீப்பிடிக்கும் கதைகளில் புஷிங்குக்குப் பெரிய பங்கு உண்டு. கம்பி டேங்குக்குள் நுழையும் அந்தப் பீங்கான் கொம்புக்குள்ளும் எண்ணெயில் ஊறிய காகிதம்தான் அடுக்கடுக்காக இருக்கிறது. அதில் ஆற்றல் எவ்வளவு வீணாகிறது என்பதை டான் டெல்டா சொல்லும். 0.7 சதவீதத்தைத் தாண்டினால் மாற்ற யோசிப்பது பொதுவான வழக்கம். ஆனால் வருடா வருடம் 0.35 என்று இருந்தது திடீரென 0.55 ஆகியிருந்தால், வரம்புக்குள்தானே என்று விடக்கூடாது.

புஷிங்குக்கு வெளியிலும் வடசென்னையில் தொல்லை உண்டு. கடல் உப்பு, அனல்மின் நிலையச் சாம்பல், மணலித் தொழிற்சாலைகளின் புகை மூன்றும் பீங்கானின் மேல் மெல்லிய பூச்சாகப் படியும். காய்ந்திருக்கும்வரை தொல்லையில்லை. மழை கொட்டினால் கழுவிக்கொண்டே போய்விடும், அதுவும் நல்லதே. ஆபத்து மார்கழி, தை மாத விடியல் பனியில். உப்பை நனைக்கும் அளவுக்கு ஈரம், கழுவும் அளவுக்குப் போதாத ஈரம். மேற்பரப்பில் மின்சாரம் ஊர்ந்து, பொறி தட்டி, சில நேரம் ஒரேயடியாகப் பாய்ந்துவிடும். இதற்காகத்தான் இந்த மாதிரி இடங்களில் ஒவ்வொரு கிலோவோல்ட்டுக்கும் 31 மில்லிமீட்டர் ஊர்வுத் தூரம் (மின்சாரம் மேற்பரப்பில் ஊர்ந்து கடக்க வேண்டிய நீளம்) உள்ள இன்சுலேட்டர் வேண்டும் என்பது, சிலிக்கோன் பூச்சு அடிப்பது, அறிவிப்புப் போட்டு நிறுத்தித் துடைப்பது எல்லாம். நாம் திட்டுகிற அந்த 5 மணி நேரத்தில் கொஞ்சம் இதற்கும் போகிறது.

காயில் நகர்ந்துவிட்டதா என்று பார்க்க எஸ்.எஃப்.ஆர்.ஏ. என்ற சோதனை இருக்கிறது. குறைந்த அதிர்வெண்ணிலிருந்து மிக உயர்ந்த அதிர்வெண்வரை சமிக்ஞை அனுப்பி, மறுமுனையில் என்ன வருகிறது என்று கோடு வரைவது. ஒவ்வொரு டிரான்ஸ்பார்மருக்கும் இந்தக் கோடு கைரேகை மாதிரி. முன்பு சொன்ன ஷார்ட் சர்க்யூட் குலுக்கலில் காயில் சற்றே வளைந்தாலும் கோடு மாறும். ஆனால் கைரேகையை ஒப்பிட ஏற்கெனவே எடுத்த ஒன்று வேண்டுமே. 90களின் தொடக்கத்தில் வந்த பல டிரான்ஸ்பார்மர்களுக்கு ஆலையில் இந்தச் சோதனை நடந்திருக்கவே வாய்ப்பில்லை, அப்போது அது பரவலாகவில்லை. மூன்று ஃபேஸ்களையும் தங்களுக்குள் ஒப்பிடலாம், அதே ஆலையில் வந்த ஜோடி டிரான்ஸ்பார்மரோடு ஒப்பிடலாம். அதெல்லாம் சமாளிப்புதான். இன்றைக்கு நன்றாக ஓடும் ஒன்றுக்கு இன்றைக்கே கோடு வரைந்து வைப்பது, 20 வருடம் கழித்து வரும் பொறியாளருக்குச் செய்யும் உபகாரம்.

இவ்வளவு சோதனை முடிவுகளையும் பார்க்க மேலதிகாரிகளுக்கு நேரம் இருக்காது என்பதால், எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு, எடைகொடுத்துக் கூட்டி, நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரே எண்ணாகத் தரும் முறை பரவியிருக்கிறது. ஹெல்த் இண்டெக்ஸ் என்கிறார்கள். நூற்றுக்கணக்கான டிரான்ஸ்பார்மர்களில் எதற்கு முதலில் பணம் ஒதுக்குவது என்று வரிசைப்படுத்த உதவும். ஆனால் சராசரிக்கு ஒரு குணம் உண்டு. எண்ணெய் நன்று, காகிதம் நன்று, டேப் சேஞ்சர் நன்று, ஒரே ஒரு புஷிங் மட்டும் சாகக் கிடக்கிறது என்றால், மொத்த மதிப்பெண் 88 வரும். அந்த 88 மார்க் டிரான்ஸ்பார்மர்தான் அடுத்த மாதம் தீப்பிடிக்கும். நம் பத்தாம் வகுப்புத் தேர்வில் இதைவிடப் புத்திசாலித்தனமான விதி இருக்கிறது. மற்ற பாடத்தில் எவ்வளவு வாங்கினாலும், ஒன்றில் 35க்குக் கீழே போனால் பெயில். டிரான்ஸ்பார்மருக்கும் அப்படித்தான் போட வேண்டும் என்பது என் கட்சி. மோசமான உறுப்பு எதுவோ அதுதான் அந்த டிரான்ஸ்பார்மரின் மார்க்.

மதிப்பிட்ட பிறகு செய்யக்கூடியவையும் பல. கெட்டது புஷிங் அல்லது டேப் சேஞ்சர் என்றால் அதை மட்டும் மாற்றலாம். கேஸ்கெட் மாற்றி, காற்றாடிகளைச் சரிசெய்து, 6 டிகிரி குறைத்தாலே மூப்பின் வேகம் பாதியாகிறது. ஈரமான காகிதத்தை மாதக்கணக்கில் மெதுவாக உலர்த்தும் கருவிகளும் உண்டு. காகிதமே தேய்ந்திருந்தால் லோடைக் குறைத்து, அடிக்கடி ஷார்ட் சர்க்யூட் வரும் ஃபீடர்களிலிருந்து (துணைமின் நிலையத்திலிருந்து ஊருக்குப் போகும் மின்பாதைகளிலிருந்து) விலக்கி, அமைதியான இடத்துக்கு மாற்றலாம். கிழவரை வேலையை விட்டு நிறுத்தாமல் காவலுக்கு உட்கார வைப்பது மாதிரி. பழையது என்பதற்காகவே தூக்கி எறிவதும் தவறு. கணினி வைத்து நுணுக்கி வடிவமைக்கும் காலத்துக்கு முன்பு வந்த டிரான்ஸ்பார்மர்களில் செம்பும் இடைவெளியும் தாராளமாக இருக்கும். ஒழுங்காகக் குளிரூட்டி ஓட்டிய 35 வருடப் பழையது, தாறுமாறாக ஓட்டிய 12 வருடப் புதியதைவிடத் தேவலை.

வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கும் நமக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்கலாம். டிரான்ஸ்பார்மர் "ம்ம்ம்" என்று முனகுவது கோளாறு இல்லை. 50 சுழற்சி மின்சாரத்தில் இரும்புத் தகடுகள் நொடிக்கு 100 முறை நீண்டு சுருங்கும் சத்தம் அது. இளசும் முனகும், கிழடும் முனகும். எண்ணெய் அடியில் சொட்டித் தேங்கியிருந்தால், பிரீதர் ஜெல் நிறம் மாறியே கிடந்தால், "படபட" என்று எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி சத்தம் கேட்டால், விடியல் பனியில் புஷிங்கைச் சுற்றி நீலமாக மினுங்கினால் அதைச் சொல்வதற்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987 இரவு பகல் இருக்கிறது. சொல்லும்போது தேதியும் நேரமும் சேர்த்துச் சொல்லுங்கள், எடுப்பவர் எழுதிக்கொள்வார்.